லேபிளில் பைகார்பனேட், டப்பாவுக்குள் வேறு: உங்கள் அல்கலினிட்டி பொடி குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். வீட்டில் உயிருள்ள பவளங்களை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அல்கலினிட்டியை, அதாவது தண்ணீரின் காரத்தன்மையை, ஏற்ற உங்கள் பொடியைத்தான் வழக்கமாக வாங்குகிறேன், பழைய டப்பாக்களில் ஒரு குறையும் இருந்ததில்லை. இந்தமுறை வந்த டப்பாவில் லேபிள் சொல்வது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

லேபிளில் சோடியம் பைகார்பனேட் என்றும், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஎச் (அல்கலினிட்டியை அளக்கும் அலகு) ஏறும் என்றும் இருக்கிறது. பைகார்பனேட்டுக்கு அந்தக் கணக்கு சரிதான். என் தொட்டியில் பாறை, மணல் போக, சம்பையும் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் துணைத் தொட்டி) சேர்த்து நிகரத் தண்ணீர் 200 லிட்டர். 6 கிராமை எடை போட்டு, ஆர்ஓ தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றினேன். 7.6 டிகேஎச்-இல் இருந்தது 8.6-க்கு வரவேண்டும், வந்ததோ 9.2. பிஎச் வேறு 8.1-இலிருந்து 8.4-க்குத் தாவியது. பைகார்பனேட் போட்டால் பிஎச் அப்படி எகிறாது, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

இதை எழுதிக் கேட்டதற்கு உங்கள் ஆள் அனுப்பிய பதில்: டெஸ்ட் கிட் பழசாக இருக்கும், இல்லையென்றால் தண்ணீரின் அளவைத் தப்பாகக் கணக்குப் போட்டிருப்பீர்கள். கிட்டை, அளவு முன்பே தெரிந்த ரெஃபரன்ஸ் கரைசல் வைத்துச் சரிபார்த்துவிட்டேன், அது ஒழுங்காகத்தான் காட்டுகிறது. தண்ணீர் விஷயத்துக்கு வந்தால், 6 கிராம் பைகார்பனேட் 1.6 டிகேஎச் ஏற்ற வேண்டுமானால் என்னிடம் 125 லிட்டர்தான் இருந்திருக்க வேண்டும். மீதி 75 லிட்டர் எங்கே போனதாம்?

சரி, தொட்டியையே விட்டுவிடுவோம். இந்தப் பொடியில் 1 கிராமை 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து பிஎச் பார்த்தேன், 11-ஐத் தாண்டியது. உங்கள் பழைய டப்பாவில் மிச்சம் இருந்த பொடியை அதே மாதிரி கரைத்தால் 8.3. சோடியம் கார்பனேட்தான் 11-க்கு மேலே போகும். அதில் 1.9 கிராமே 100 லிட்டரை 1 டிகேஎச் ஏற்றிவிடும், அதனால் 3 கிராம் போட்டால் கிட்டத்தட்ட 1.6, நான் அளந்ததும் அதேதான். கார்பனேட்டை நிரப்பி பைகார்பனேட் லேபிளை ஒட்டியிருக்கிறீர்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

கார்பனேட் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை, பிஎச் தாழ்ந்து கிடக்கிற தொட்டிக்கு அதுதான் நல்லது. ஆனால் ஒரு நாளில் 1 டிகேஎச்-க்கு மேல் ஏற்றாதீர்கள் என்று நீங்களே லேபிளில் எச்சரித்துவிட்டு, அந்த வரம்பை உங்கள் அளவாலேயே தாண்ட வைத்தால் எப்படி? கரைசல் விழுந்த இடத்தில் தண்ணீர் பால்போல் கலங்கியது, அப்புறம் அக்ரோபோரா என்ற பவளத்தின் நுனிகள் வெளுத்தன. நுனி வெளுத்தது இதனால்தானா என்று வாதாட நான் வரவில்லை. கார்பனேட் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் சுண்ணாம்பாகப் படியும்; என் தொட்டியில் கால்சியம் 420 பிபிஎம்தான். 450-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் தொட்டியில் இதே பொடி விழுந்திருந்தால் பம்பிலும் ஹீட்டரிலும் சுண்ணாம்பு படிவதற்கு இன்னும் வாய்ப்பு அதிகம்.

"பாதி அளவு போட்டுப் பாருங்கள்" என்ற உங்கள் யோசனை வேண்டாம். டப்பாவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதில் பாதி?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியம், இந்த பேட்ச்சை உங்கள் ஆய்வகத்தில் சோதித்து, நான் சொல்வது சரியென்றால் இதை வாங்கிய எல்லோருக்கும் தெரிவித்து, கடைகளில் இருப்பதையும் திரும்பப் பெறுங்கள். பேட்ச் எண் தெரிகிற மாதிரி டப்பாவின் படமும், இரண்டு பொடிகளின் பிஎச் அளவீட்டுப் படங்களும் இணைத்திருக்கிறேன். மிச்சப் பொடியைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன், சோதனைக்கு வேண்டுமென்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்