அக்காவுக்கு, ஒஷாவாவில பிளேன் ஓடப் பழகிறதைப் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். பெரியவனுக்கு வேலை நிரந்தரமாக்கிப் போட்டினம், சின்னவளுக்கு இது கடைசி வருசம். அத்தான்ர முழங்கால் நோ இப்ப என்ன மாதிரி எண்டு எழுதுங்கோ.

போன ஞாயிறு நான் பிளேன் ஓடப் பழகிறன் எண்டு சொன்ன உடன "உனக்கென்ன விசரே, இந்த வயசில" எண்டு கேட்டியள், பிறகு "எஞ்சின் நிண்டா என்னடா செய்வாய்" எண்டு கேட்டியள், நான் வாய் திறக்கிறதுக்குள்ள ஃபோனை மருமகளிட்டக் குடுத்திட்டு எழும்பிப் போட்டியள். வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டாலும் பாதியில நிப்பாட்டிப் போடுவியள் எண்டு தெரியும், அதான் இருந்து ரைப் பண்ணிறன். ஆறுதலா வாசியுங்கோ, அத்தானுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ, அவருக்கு மெஷின் சாமான் எண்டால் விருப்பம்தானே.

நான் ஓடுறது நீங்கள் நினைக்கிற பெரிய பிளேன் இல்லை. செஸ்னா 172 எண்டு நாலு பேர் இருக்கக்கூடிய சின்னச் சாமான், முன்னுக்கு ஒரு பங்கா, தலைக்கு மேல செட்டை, உள்ளுக்கு ஏறினால் பக்கத்தில இருக்கிற ஆளோட தோள் முட்டும். சென்னையில இருந்து பலாலிக்கு வாற பிளேன் இதுக்குப் பக்கத்தில நிண்டால் அரண்மனை. ஆனா சும்மா சொல்லக்கூடாது, 1955இல முதல் பறந்த மொடல், இதுவரைக்கும் 44,000க்கு மேல செய்து வித்திருக்கிறாங்கள், உலகத்தில வேற ஒரு பிளேனும் இவ்வளவு செய்யப்படேல்லை. எங்கட ஸ்கூலில நிக்கிறது 1970களின்ர கடைசியில செய்தது. ஐயோ அவ்வளவு பழசோ எண்டு கேக்காதேங்கோ, காரை மாதிரி பழுதானாப் பாப்பம் எண்டு விடுறேல்லை, ஓடின மணித்தியாலத்தைக் கணக்கு வைச்சு அதுக்குரிய நேரம் வந்தால் கழட்டிப் பாத்தே தீரவேணும், எல்லாத்துக்கும் புத்தகம், எல்லாத்துக்கும் கையெழுத்து.

பழகிறது ரொறன்ரோப் பக்கத்து ஒஷாவாவில, ஸ்காபரோவில இருந்து 401 பெருந்தெருவில கிழக்கால போனால் ட்ரஃபிக் இல்லாட்டி அரை மணித்தியாலம். அந்த எயார்போட்டுக்கும் ஒரு கதை இருக்கு. ரெண்டாம் உலக யுத்தத்தில பிரிட்டன், கனடா, ஒஸ்ரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேந்து பைலட்மாரையும் பிளேனில போற மற்ற ஆக்களையும் பழக்கிறதுக்கு கனடாவைத்தான் இடமா எடுத்தவை, 1,30,000 பேருக்கு மேல இஞ்ச பழகி வெளிக்கிட்டவை, ஒஷாவாவில 1941இல திறந்த ஸ்கூல் அதில ஒண்டு. இருவது வயசுப் பெடியள் டைகர் மோத் எண்ட பயிற்சிப் பிளேனில பழகின அதே நிலத்தில நான் மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நிக்கிறன்.

வயசு எண்டு கேட்டியள். மேல் எல்லை எண்டு ஒண்டும் இல்லை அக்கா, உடம்பு சரியா இருந்தால் சரி. அரசாங்கம் அங்கீகரிச்ச டொக்டரிட்டப் போய் கண், காது, பிரஷர் எல்லாம் பாத்து, நாப்பது தாண்டின ஆள் எண்டபடியால் ஈசிஜியும் எடுத்துத்தான் சேட்டிபிக்கற் தந்தவை, அதையும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவேணும். மச்சாளுக்கு இதில சரியான சந்தோசம், இருவது வருசமா டொக்டரிட்டப் போங்கோ போங்கோ எண்டு கத்தினது நடக்கேல்லை, இப்ப தானாப் போறன் எண்டு ஆரைப் பாத்தாலும் சொல்லுறா. காசைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் கொஞ்சம் மாறும். பிளேனுக்கு மணித்தியாலத்துக்கு இருநூறு டொலருக்கு மேல, வாத்தியாருக்கு தனிய. சட்டப்படி குறைஞ்சது 45 மணித்தியாலம் பறக்கவேணும், அதில முடிக்கிற ஆக்கள் குறைவு, எங்கட வயசுக்காரர் இன்னும் கூட எடுப்பினம். நான் கிழமைக்கு ஒருக்காத்தான் போறன், ஓவர்ரைம் காசு முழுக்க அதுக்குத்தான், வீட்டுக் காசில கை வைக்கிறேல்லை.

சரி, எஞ்சினுக்கு வாறன். எஞ்சின் நிண்டால் பிளேன் கல்லு மாதிரி விழும் எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான். விழாது அக்கா. செட்டையில காத்து ஓடுற வரைக்கும் அது சறுக்கிக்கொண்டு போகும், ஆயிரம் அடி உயரத்துக்கு ஒண்டரைக் கடல்மைல் கணக்கு, மூவாயிரம் அடியில இருந்தால் காத்தில்லாத நாளில எட்டுக் கிலோமீற்றர் போகலாம். செய்யவேண்டியது மூக்கைச் சரியான அளவில வைச்சு 65 நொட் வேகத்தை விடாமப் பிடிக்கிறது, ஒரு நல்ல வயலைப் பிடிக்கிறது, பிறகுதான் எஞ்சினை திரும்பக் கிளப்பிப் பாக்கிறது. மூக்கை மேல தூக்கினால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் எண்டு கை சொல்லும், அதுதான் ஆளைக் கொல்லுற வேலை, காத்து செட்டையை விட்டிட்டுப் போயிடும், அதைத்தான் ஸ்ரோல் எண்டு சொல்லுறது, எஞ்சின் நல்லா ஓடேக்கையும் அது வரும். அதையும் வேணுமெண்டே செய்து காட்டி, செய்விச்சு, அதில இருந்து வெளிக்கிடப் பழக்குவினம். முதல் தரம் அந்த எச்சரிக்கை ஹோர்ண் அழுற சத்தமும் மூக்கு டக்கெண்டு கீழ போறதும், எனக்கு உச்சிக்குப் போன உயிர் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வாத்தியார் எங்கட பெரியவனை விட இளசு. போட் பெரி பக்கம் ஸ்கூகொக் வாவிக்கு மேலால போய்க்கொண்டிருக்கேக்க ஒண்டும் சொல்லாம எஞ்சின் வலுவை ஆகக் குறைச்சு ஐடிலுக்கு இழுத்துப் போட்டு, "உங்கட எஞ்சின் போயிட்டுது, என்ன செய்யப்போறியள்" எண்டு கேக்கும் அந்தப் பிள்ளை. இதால இப்ப எனக்கு ஒரு வியாதி வந்திட்டுது, காரில போகேக்கையும் வயலுகளைப் பாத்து இதில இறங்கலாம், இதில கரண்ட் கம்பி போகுது, இது உழுத நிலம், சில்லுப் புதையும் எண்டு சொல்லிக்கொண்டு வாறன், மச்சாள் றோட்டைப் பாருங்கோ எண்டு கத்துறா. இந்த வாத்தியார்மார் கனகாலம் நிக்காயினம், எயார்லைனுக்குப் போக மணித்தியாலம் சேக்கிறதுக்காகத்தான் படிப்பிக்கினம், ஒருத்தரைப் பழகி முடிய அடுத்த ஆள் வரும், திரும்ப முதல்ல இருந்து தொடங்கும். அது எனக்குப் பிடிக்காத விசயம், ஆனா அதுகளும் வாழவேணும்தானே.

எஞ்சின் நிக்காம இருக்கிறதுக்குத்தான் உண்மையான வேலை, அது நிலத்தில நடக்கிறது. ஒவ்வொரு தரமும் பறக்க முதல் பிளேனைச் சுத்தி வந்து தடவிப் பாக்கவேணும், எண்ணெய் மட்டம், பங்காவில வெடிப்பு, செட்டையின்ர பிணைச்சல். ராங்கிக்கு கீழ இருந்து ஒரு சின்னக் குவளையில பெற்றோல் எடுத்துப் பாக்கவேணும், அதுக்கு நீல நிறம் போட்டிருக்கினம், தண்ணி கலந்திருந்தால் அடியில தனியத் தெரியும். எஞ்சினுக்கு நெருப்புப் போடுற மக்னீற்றோ ரெண்டு, ஒண்டு போனாலும் மற்றது இழுக்கும், ரன்வேக்கு ஏற முதல் ரெண்டையும் மாறி மாறி நிப்பாட்டிச் சோதிக்கிறது. பெற்றோலையும் காத்தையும் கலக்கிற கார்புரேற்றருக்கை ஐஸ் பிடிக்கும் எண்டு ஒரு பாடம், நான் அது இஞ்சத்தைய மார்கழிக்குத்தான் எண்டு நினைச்சால், ஈரக் காத்து எண்டால் 20 பாகை வெயிலிலயும் பிடிக்குமாம். அத்தானுக்கு இதைச் சொல்லுங்கோ, தண்ணிப் பம்பைக் கழட்டிப் பூட்டுற ஆளுக்கு உடன விளங்கும்.

இன்னொண்டு, போற நாளெல்லாம் பறக்கிறேல்லை. முகில் கீழ வந்தால் இல்லை, ரன்வேக்கு குறுக்கால காத்து கூடினால் இல்லை, மாரியில செட்டையில வெண்பனி படிஞ்சிருந்தால் துடைச்சு எடுக்காம வெளிக்கிடவே ஏலாது. விடிய எழும்பி அவ்வளவு தூரம் ஓடிப் போய், கோப்பியைக் குடிச்சிட்டு வானத்தைப் பாத்துக்கொண்டிருந்திட்டுத் திரும்பி வாறது எனக்குப் பழகிப் போச்சு. உங்கட பயத்துக்கு இதுதான் மருந்து எண்டு நினைக்கிறன், ஏலாது எண்டு சொல்லுறதைத்தான் அங்க கூடப் படிப்பிக்கினம்.

ரேடியோதான் என்னைக் கொன்றது. கொன்ட்ரோல் டவரில இருக்கிறவை மூச்சு விடாமச் சொல்லுவினம், நாங்கள் அதைத் திருப்பிச் சொல்லவேணும், எங்கட இங்கிலீசு அவைக்கு விளங்கவேணும், அவையின்ர வேகம் எங்களுக்கு விளங்கவேணும். முப்பது வருசம் இஞ்ச இருந்து ஃபக்டரியில சுப்பவைசரோட சண்டை பிடிச்ச இங்கிலீசு உதுக்குக் காணாது. காரில தனியப் போகேக்க சத்தமாச் சொல்லிப் பழகினனான், சிவப்பு லைற்றில பக்கத்துக் காரில இருந்தவை ஒரு மாதிரித்தான் பாத்தவை. தனிய விட முதல் 50 கேள்விப் பேப்பர் ஒண்டு, 90 வீதம் எடுக்கவேணும், அது லேசா முடிஞ்சுது, எங்களுக்குப் பேப்பர் செய்யிறது எப்பவும் ஓடும்தானே.

தனியப் பறந்தது போன மாதம். உங்களுக்குச் சொல்லேல்லை, சொன்னால் நல்லூருக்கு நேத்தி வைச்சிருப்பியள். வாத்தியார் பிள்ளை இறங்கிக் கதவைச் சாத்தினாப்பிறகு பிளேன் பாரம் குறைஞ்சு ரன்வேயை விட்டு வழமையை விடக் கெதியாக் கிளம்பிச்சுது, பக்கத்துச் சீற் வெறுமையா இருக்கு, பயப்பிடுறதுக்கு நேரம் இல்லை, ஒண்டு முடிய அடுத்த வேலை. கிழக்கால டார்லிங்டன் அணுமின் நிலையம், தெற்கால ஒன்ராறியோ லேக் கடல் மாதிரி, மேற்கால புகைக்குள்ள ரொறன்ரோ சிஎன் டவர், ஒரு வட்டம் வந்து இறங்கினன். இறங்கின உடன ஒரு வாளி தண்ணியைத் தலையில ஊத்தினவை, அது இஞ்சத்தைய வழக்கமாம்.

இனி அந்த விசர்க் கேள்வி. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், யுத்தத்தில குண்டு போட சியாமாசெட்டிப் பிளேன் வரேக்க நீங்கள் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு பங்கருக்கை விழுறது, அம்மா அடுப்பை அணைச்சிட்டுத்தான் வருவன் எண்டு நிக்கிறது. கனடாவுக்கு வந்த முதல் வருசம் டவுன்ரவுனில கோப்பை கழுவிக்கொண்டிருந்தன், லேபர் டே லீவுக்கு இஞ்ச லேக் பக்கம் எயார் ஷோ வைப்பினம், பைற்றர் ஜெற் எல்லாம் தலைக்கு மேலால போகும், எனக்கு ஆரும் முதல்ல சொல்லேல்லை. நான் குப்பை கொட்டப் போன இடத்தில அந்தத் தொட்டிக்குப் பின்னால குந்தியிருந்திட்டன், கூட வேலை செய்த பெடியள் சிரிச்சவங்கள். இண்டைக்கும் லேபர் டே எண்டால் நான் வீட்டை விட்டு வெளிக்கிடுறேல்லை, பிள்ளையளுக்குத் தலையிடி எண்டு சொல்லிப் போடுவன்.

இஞ்ச வந்து பழகத் தொடங்கினாப்பிறகுதான் அந்தச் சியாமாசெட்டியைப் பற்றித் தேடி வாசிச்சன். இத்தாலிக்காரன் செய்த எஸ்எஃப் 260, ஒரு பங்கா, ரெண்டு மூண்டு பேர் இருக்கலாம், அதில ஒரு ரகத்துக்கு 260 குதிரை வலு லைக்கொமிங் எஞ்சின். பல நாட்டு விமானப் படையள் பெடியளைப் பழக்கிறதுக்கு வைச்சிருக்கிற பயிற்சிப் பிளேன் அக்கா அது. நான் ஓடுறதுக்கும் அதே லைக்கொமிங் கம்பனி எஞ்சின்தான், 160 குதிரை வலு. இவ்வளவு சின்னச் சாமானோ எங்களை அப்பிடி ஓட வைச்சது எண்டு அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை.

வெளியில நிண்டு கேக்கேக்க அந்தச் சத்தம் இப்பவும் வயித்தைப் பிரட்டும், பழகியும் போகேல்லை, பொய் சொல்லேல்லை. உள்ளுக்கு ஏறி எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கிற த்ரொட்டிலில நானே கையை வைச்சால் ஒண்டும் செய்யிறேல்லை. ஏன் எண்டு எனக்குத் தெரியாது, மச்சாளுக்கும் இதைச் சொல்லேல்லை, உங்களுக்குத்தான் எழுதுறன். இவ்வளவு காலமும் வெளிநாடு வந்த ஏஜென்சிக் கடன், தங்கச்சியின்ர சீதனம், வீட்டு மோர்ட்கேஜ், பிள்ளையளின்ர படிப்பு எண்டு ஓடினதில நான் எனக்கெண்டு கேட்டு வாங்கினது இது ஒண்டுதான், இதை விசர் எண்டு நீங்கள் சொன்னால் விசர்தான்.

இன்னும் எழுத்துச் சோதினை, தனியத் தூரப் பயணம், கடைசியில சோதினைக்காரரோட பறக்கிறது எல்லாம் கிடக்கு, வாற கோடைக்குள்ள முடியும் எண்டு பாக்கிறன். லைசென்ஸ் கிடைக்கும் வரைக்கும் ஆரையும் ஏத்த ஏலாது. நீங்கள் ரெண்டு பேரும் விசிற் விசாவில வரேக்க லைசென்ஸ் கையில இருந்தால் அத்தானைக் கட்டாயம் ஏத்திக்கொண்டு போவன், நீங்கள் வராட்டி நிலத்தில மச்சாளோட கோப்பி குடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. ஒண்டு மட்டும், நாலு சீற் எண்டாலும் ராங்கி நிரப்பினால் நாலு பெரிய ஆக்களை அது தூக்காது, எல்லாரின்ர பாரத்தையும் எழுதிக் கணக்குப் பாத்துத்தான் ஏத்தவேணும். அதால அத்தானை தராசில ஏத்தி உண்மையான கிலோவை எழுதி அனுப்புங்கோ, அவர் சொல்லுற கணக்கு வேண்டாம்.

அன்புடன்,
தம்பி