மலைக்குத் தேவை காகிதப் பட்டைப் பரிசோதனை

ஆசிரியருக்கு,

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால், அது டெங்குவா, எலிக்காய்ச்சலா, உண்ணிக்காய்ச்சலா என்று அறிகுறிகளை மட்டும் கொண்டு பிரித்தறிவது மருத்துவருக்கே கடினம். பரிசோதனைக்காகச் சேலத்துக்கு இறங்கினால் அன்றைய கூலி போய்விடுகிறது. உண்ணிக்காய்ச்சல் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கே கட்டுப்படக்கூடியது என்பதால், இந்தத் தாமதம் மிகுந்த வேதனை தருகிறது.

காகிதத்தில் நீர் புகாத வரம்புகளை அமைத்தால், திரவம் மின்சாரமின்றித் தானாகவே பல கிளைகளில் ஊறிச் சென்று, ஒவ்வொரு முனையிலும் உள்ள வேதிப்பொருளோடு சேர்ந்து நிறம் காட்டும் என்பதை, 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் சர்க்கரையையும் புரதத்தையும் ஒரே தாளில் சோதித்துக் காட்டினர். இம்முறையில் பல காய்ச்சல்களை ஒருங்கே கண்டறியும் பட்டைகளை உருவாக்கும் ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். இத்தகைய சோதனைகள் பலவும் தேடுவது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களையே; அவை உருவாகச் சில நாட்கள் ஆகுமாதலால், தொடக்கத்தில் 'நோய் இல்லை' என்று வரும் முடிவை மட்டும் நம்பி நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஈரப்பதம் மிகுந்த இம்மலையில் பட்டைகள் கெடாமலிருக்கின்றனவா என்பதையும் முதலில் சோதிக்க வேண்டும். தேறியவற்றை, 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்களிடமே கொடுக்கலாம்.

– ஒரு வாசகர், ஏற்காடு