அண்ணன் நின்ற அடுப்படிக்கு ஒரு புகைபோக்கி – நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கிறவர்களுக்கும், சென்னை, சிங்கப்பூர், மலேசியா என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

விடுதிச் சமையல் அண்ணன் மாசியில் தவறிப்போனது தெரிந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, தாத்தாவுக்கும் அவர் அண்ணன்தான், பேரனுக்கும் அண்ணன்தான். கல்யாணம், அறுபது எண்பது நிறைந்தால் செய்யும் சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, அப்புறம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடி போய்ச் சேர்ந்து அங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களுக்கு அன்னதானம் என்று 30 வருசத்துக்கு மேல் அவர் கைச்சோறு. துக்க வீட்டில் சமைத்தால் கூலி வாங்க மாட்டார்.

அவர் வெள்ளைப் பணியாரம் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சரிசியைப் படியில் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிப்பார், சரியாமல் நிற்கிற அளவுதான் உளுந்து. மாவை ஒரு கரண்டி எண்ணெயில் விட்டால் அடியில் போய், உப்பி மேலே வரும், திருப்பிப்போட்டு உடனே எடுத்துவிடுவார். ஓரம் லேசாகச் சிவந்திருந்தாலும் அது பந்திக்கு வராது.

இதெல்லாம் தகரக் கொட்டகையில், கோட்டை அடுப்புப் புகையில், துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டே செய்தது. "ஒரு புகைபோக்கி வச்சுக் குடுங்க, எனக்கில்ல, காய் நறுக்குற பொம்பளைங்க இருமுறாங்க" என்று ஒவ்வொரு பூசம் முடிந்ததும் கேட்பார். அடுத்த வருசம் பார்ப்போம் என்போம். அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும், செய்யவில்லை, அது எங்களுக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது செய்கிறோம். நாலு கோட்டை அடுப்பு, செங்கல்லில் உயரமான புகைபோக்கி, ஓட்டுக்கூரை, தண்ணீர்த் தொட்டி. தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம் என்றார்கள், எண்ணெய் சிந்தும் இடத்தில் அது வழுக்கும், சொரசொரப்பான கருங்கல்லே போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். கொத்தனார் கணக்குப்படி 6 லட்சம் ரூபாய் ஆகும். அண்ணனிடம் கை பழகிய இரண்டு பேர்தான் இனி அங்கே சமைக்கப் போகிறார்கள்.

முடிந்ததைக் கொடுங்கள், நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு, வரவு செலவு மாதாமாதம் விடுதிப் பலகையில் எழுதப்படும். பணம் தோதுப்படாதவர்கள் ஒரு நாள் ஆள்வேலைக்கு வரலாம். உங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறைகளில் அண்டா, தவலை, ஜல்லிக்கரண்டி என்று பூட்டிக் கிடந்தால் அவற்றையும் கொடுங்கள், ஈயம் பூசும் செலவு எங்களுடையது. ஆவணிக்குள் பாதிப் பணம் சேர்ந்தால் வேலையைத் தொடங்கி, பூசத்துக்கு முன்னால் புது அடுப்பில் பால் காய்ச்சிவிடலாம்.