மில் மூடிய ஊரிலிருந்து அப்பாவுக்கு

பிட்ஸ்பர்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "மில்லெல்லாம் மூடின ஊருங்கறயே, அப்புறம் அங்க சனங்க எதை வெச்சுப் பொழைக்கறாங்க?" என்று கேட்டீர்கள். அதற்குள் உங்கள் பேரன் போனைப் பிடுங்கிவிட்டான். அது அவசரத்தில் பதில் சொல்கிற கேள்வியும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவர் கேட்கும்போது முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அலெகேனி, மொனொங்ககீலா என்ற இரண்டு ஆறுகள் ஊர் நடுவே கூடி ஒஹாயோ ஆறாகப் போகின்றன. நம் பவானிக் கூடுதுறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுற்றிலும் மலை. ஆற்றங்கரையில் இருந்த கொஞ்சம் சமதரையை இரும்பு ஆலைகள் எடுத்துக்கொண்டதால், வேலை செய்தவர்கள் மேலே சரிவில் வீடு கட்டினார்கள். மேலிருந்து ஆலைக்கு இறங்கப் படிகள் போட்டார்கள். அப்படிப் போட்ட பொதுப் படிக்கட்டுகள் எழுநூறுக்கும் மேல் இன்னும் இருக்கின்றன. வரைபடத்தில் தெரு என்று பெயர் போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் வெறும் படிக்கட்டு. நாங்கள் இருக்கும் கிரீன்ஃபீல்டும் அப்படிப்பட்ட சரிவுதான். விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு இதில் இறங்கிப் போனவர்களை நினைக்கும்போதெல்லாம் முதல் ஷிப்டுக்கு நீங்கள் சைக்கிளை எடுக்கும் சத்தம் ஞாபகம் வருகிறது.

1950இல் இந்த ஊரில் ஏறத்தாழ 6,77,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3,03,000. பாதிக்கு மேல் போய்விட்டார்கள் அப்பா. 1980களின் தொடக்கத்தில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. 1983இல் இந்த வட்டாரத்தில் வேலையில்லாதவர்கள் 17 சதவீதத்தைத் தாண்டினார்கள். எங்கள் வீட்டிலிருந்து 61டி பஸ்ஸில் ஏறினால் ஆற்றைக் கடந்து ஹோம்ஸ்டெட் வரும். உலகத்திலேயே பெரிய இரும்பாலைகளில் ஒன்று அங்கே இருந்தது, 1986இல் மூடினார்கள். இப்போது அந்த இடம் முழுவதும் கடைகள், சினிமா தியேட்டர், கார் நிறுத்தும் மைதானம். பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் வரிசையாக விட்டுவைத்திருக்கிறார்கள். பையனுக்குக் குளிர்கால பூட்ஸ் வாங்கியது அங்கேதான்.

உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. 1985இல் அமெரிக்க ஊர்களை வரிசைப்படுத்திய ஒரு புத்தகம், வாழ்வதற்கு மிக நல்ல ஊர் என்று இதே பிட்ஸ்பர்க்கை முதலிடத்தில் வைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை போய் உட்கார்ந்திருந்த வருஷம் அது. பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, நூலகம், குறைந்த குற்றம் என்று அவர்கள் எண்ணியதெல்லாம் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் வேலை போனவனுக்கு அந்தப் பட்டியல் எதைக் கொடுத்தது? இங்கே வாழ்க்கைத் தரம் எப்படி என்று தம்பி கேட்டால் எனக்கு இந்தப் புத்தகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. யாருடைய வாழ்க்கை என்று சேர்த்துக் கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆற்றங்கரை ஆலையில் உருக்கு வேலை பார்த்தவர். மூடியபோது நாற்பது வயது. அதன்பின் பள்ளிக்கூடத்தில் காவலாளி, கூரை வேலை, கிடைத்ததெல்லாம் செய்திருக்கிறார். மகன் ஹூஸ்டனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தானாம், பிள்ளைகள் டெக்சாஸுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் போய்விட்டார்கள். கம்பெனி திவாலானதும் பென்ஷனை அரசாங்கக் காப்பீடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு, முதலில் சொன்ன தொகை கைக்கு வரவில்லை என்கிறார். நீங்கள் கிராஜுவிட்டிக்காக லேபர் கோர்ட்டுக்கு நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் விசாரித்தது ஒன்றுதான்: "உங்கப்பாவுக்கு எத்தனை வருஷம் நைட் ஷிப்ட்?" நீங்கள் வந்தால் பேச ஆள் இருக்கிறது. மொழி தெரியாவிட்டால் என்ன, நான் நடுவில் உட்காருகிறேன்.

இப்போது ஊர் பிழைப்பது ஆஸ்பத்திரிகளாலும் பல்கலைக்கழகங்களாலும். இரும்புக் கம்பெனி கட்டிய 64 மாடிக் கட்டடம்தான் ஊரிலேயே உயரம். அதன் உச்சியில் இன்று ஒரு மருத்துவ நிறுவனத்தின் எழுத்துகள் எரிகின்றன. போலியோ தடுப்பூசியை ஜோனஸ் சால்க் உருவாக்கியது இங்குள்ள பல்கலைக்கழகத்தில்தான், 1955இல் அது பயனுக்கு வந்தது. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் போகும் வழியில் அதைப் படித்தபோது போலியோ வந்த பெரியப்பாவின் காலை நினைத்துக்கொண்டேன். அவருக்குச் சில வருஷம் பிந்திவிட்டது.

இங்கே எனக்கு மனசார நல்லது என்று படுவது சம்பளம் அல்ல, காசு கொடுக்காமல் கிடைப்பவை. ஊருக்குள் ஓக்லேண்ட் பகுதியில் 1895இல் திறந்த பெரிய நூலகத்தின் வாசலில் 'மக்களுக்கு இலவசம்' என்று கல்லில் வெட்டியிருக்கிறது. உள்ளே போக யாரும் எதுவும் கேட்பதில்லை. குளிரில் வீடில்லாதவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். சனிக்கிழமை உங்கள் பேரன் அங்கே தரையில் படுத்து யானைப் புத்தகம் பார்க்கிறான். அதைக் கட்டிய இரும்பு முதலாளி கார்னெகியின் ஆலையில்தான், ஹோம்ஸ்டெட்டில், 1892இல் சங்கத்தை உடைக்கத் துப்பாக்கியோடு கூலி ஆட்களை இறக்கினார்கள். இரண்டு பக்கமும் உயிர் போனது. சங்கம் தோற்றது. ஆறு வருஷம் கழித்து அதே ஊரில் அவர் நூலகம் திறந்தார். தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நால்வரைப் பற்றி எனக்குச் சின்ன வயதில் சொன்னவர் நீங்கள். இந்த நூலகத்தை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் போகிறேன், பையனையும் கூட்டிப் போகிறேன், ஆனால் அந்தக் கதையையும் அவனுக்கு ஒருநாள் சொல்வேன்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த மாநிலத்தில் பஸ்ஸில் காசில்லை. லாட்டரிப் பணத்திலிருந்து அதைக் கொடுக்கிறார்கள். லாட்டரியால் நம் மில் லைனில் அழிந்த வீடுகள் எனக்கு மறக்கவில்லை, அதனால் அதை முழுமனதாகப் பாராட்ட முடியவில்லை. ஆனால் எங்கள் தெருப் பாட்டிகள் தனியாக ஏறி இறங்குவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

எல்லாருக்கும் ஒரே வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் மையத்தை ஒட்டிய ஹில் டிஸ்ட்ரிக்டில், 1950களில், கறுப்பின மக்கள் பெரும்பாலும் வாழ்ந்த கீழ்ப்பகுதியை இடித்து விளையாட்டரங்கம் கட்டினார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அந்த அரங்கத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த நிலம் பல வருஷம் கார் நிறுத்தத்தான் பயன்பட்டது. அந்தப் பக்கம் போகும்போது எனக்கு வயிறு எரியும்.

செலவைக் கேட்டிருந்தீர்கள். கலிஃபோர்னியாவில் சான் ஓசேயில் இருக்கும் சித்தப்பா மகன் கொடுக்கும் வாடகையில் பாதிகூட எங்களுக்கு ஆகவில்லை. மத்திய வரி தனி. மாநிலத்துக்குச் சம்பளத்தில் 3.07 சதவீதம், ஊருக்கும் பள்ளிகளுக்கும் 3 சதவீதம் போகிறது. பயமுறுத்துவது வைத்தியச் செலவுதான். காப்பீடு இருந்தும், வருஷா வருஷம் ஒரு தொகை வரை நம் கையிலிருந்து கட்டிய பிறகுதான் அவர்கள் பங்கு தொடங்கும். ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்துகொண்டு, பையனுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போனால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறேன். அது எனக்குக் கொஞ்சமும் பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

காற்றும் சில காலைகளில் சரியில்லை. மொனொங்ககீலா பள்ளத்தாக்கில் இரும்பு உருக்கத் தேவையான கோக் கரி சுடும் ஆலை இன்னும் ஓடுகிறது. காற்றடிக்காத நாட்களில் அழுகிய முட்டை வாடை வரும், அன்றைக்கு ஜன்னலைத் திறப்பதில்லை. முன்பு நடுப்பகலிலேயே தெருவிளக்கு போட வேண்டிய அளவு புகை இருந்ததாம், அதற்கு இது எவ்வளவோ மேல்.

பனிக்காலத்தில் ஒரு வழக்கம் உங்களுக்குப் பிடிக்கும். மண்வெட்டியால் பனியை அள்ளிக் காரை வெளியே எடுத்தவர்கள், அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை, ஆனாலும் உழைத்தவன் இடம் என்று யாரும் தொடுவதில்லை. பெரியவர் வீட்டு வாசல் பனியை உங்கள் மாப்பிள்ளைதான் அள்ளுகிறார். பதிலுக்கு அந்த வீட்டம்மா பிஸ்கட் சுட்டுக் கொடுத்தனுப்புகிறார்.

பென் ஹில்ஸில் 1977இல் கும்பாபிஷேகம் ஆன வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது. இந்த நாட்டின் பழைய கோயில்களில் ஒன்று. அம்மாவிடம் சொல்லுங்கள், புளியோதரை நன்றாக இருக்கும்.

விசாவுக்குச் சென்னையில் நேர்காணல் தேதி கிடைத்ததும் தம்பியிடம் சொல்லி எனக்குத் தெரிவியுங்கள். மே கடைசியில் வந்து அக்டோபரில் திரும்பலாம், அதற்குமேல் அம்மா முழங்காலுக்குக் குளிர் ஆகாது. உங்கள் இரண்டு பேருக்கும் பயணக் காப்பீடு இங்கிருந்தே எடுத்துவிடுகிறேன். பி.பி. மாத்திரை ஐந்து மாதத்துக்கும் சேர்த்து, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட வேண்டாம். மில் சங்கத்தில் எடுத்த அந்தப் பழைய குரூப் போட்டோவையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், பெரியவர் பார்க்க வேண்டும் என்றார்.

அன்பு மகள்