பழைய சிறிய கார்களின் இன்ஜின் வேக வரம்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளின் கார் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பழைய கார்களை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பெட்ரோல் டேங்கைக் கழுவுவது, வயரிங்கை மாற்றுவது, பிரேக் ரப்பர்களைப் புதிதாகப் போடுவது எல்லாம் அதில் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், இன்ஜினை ஓவர்ஹால் செய்துவிட்டால், அதாவது பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றிவிட்டால், 6,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 6,000 சுற்று) வரை அச்சமின்றி ஓட்டலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எல்லாச் சிறிய கார்களுக்கும் பொதுவான எண் என்று ஒன்று கிடையாது. சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் நின்று திசை மாறுகிறது. நிமிடத்துக்கு 4,500 சுற்று என்றால் நொடிக்கு 150 முறை அது நின்று திரும்புகிறது. அதை ஒவ்வொரு முறையும் பிடித்து இழுத்துத் திருப்புகிற வேலை, பிஸ்டனை அடியில் சுழலும் தண்டான கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதன் போல்ட்டுகளுக்கும் உரியது. சுற்று இரட்டித்தால் அந்த இழுவை நான்கு மடங்காகும். 4,500-லிருந்து 6,000-க்குப் போவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல்தானே என்று தோன்றும். போல்ட்டின் மேல் விழும் சுமையோ ஏறத்தாழ 78 சதவீதம் கூடிவிடுகிறது.

இதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் முக்கியமானது. ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் மீண்டும் பெருக்கினால் பிஸ்டனின் சராசரி வேகம் கிடைக்கும். பிரிட்டனில் 1959-இல் வந்த மினி காருக்கும் அதற்கு முந்தைய மாரிஸ் மைனருக்கும் ஒரே ஏ-சீரிஸ் குடும்பத்து இன்ஜின்தான்; ஆனால் 848 சி.சி. மினியின் ஸ்ட்ரோக் 68.26 மில்லிமீட்டர், 948 சி.சி. மைனரின் ஸ்ட்ரோக் 76.2 மில்லிமீட்டர். இரண்டையும் 5,500 சுற்றில் ஓட்டினால் முன்னதின் பிஸ்டன் நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்திலும் பின்னது ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்திலும் ஓடும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு என்றால், நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பிரீமியர் பத்மினிக்கும் சேர்த்து ஒரே எண்ணை எப்படிச் சொல்ல முடியும்?

ஓவர்ஹால் ஆன இன்ஜினைப் புது இன்ஜின் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் புதியவையாக இருக்கலாம். கிராங்கும் கனெக்டிங் ராடும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைத்தவை. கிராங்கை கிரைண்டிங் போடும்போது பேரிங் உட்காரும் இடத்தின் இரு ஓரங்களிலும் சிறிய வளைவு விட்டிருக்க வேண்டும். வேலையை விரைவில் முடிக்க எண்ணி அந்த ஓரத்தைச் சதுரமாக வெட்டிவிட்டால், பிற்பாடு விரிசல் தொடங்கும் இடம் அதுதான். கடையில் வாங்கும் பிஸ்டன்களின் எடையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. எங்களுடைய நான்கையும் தெருமுனை நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தபோது ஒன்று மட்டும் 9 கிராம் கூடுதலாக இருந்தது. (தங்கம் நிறுக்கும் தராசில் பிஸ்டனா என்று கடைக்காரர் முதலில் சற்றுத் தயங்கினார், பிறகு அவரே ஆர்வமாகி, உட்புறம் அராவி அராவி மீண்டும் நிறுக்க வைத்தார்.)

நான் இவ்வளவு பேசுவதற்குச் சொந்த அனுபவமே காரணம். எங்கள் அப்பச்சி 1978-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி, 1,089 சி.சி., ஸ்ட்ரோக் 75 மில்லிமீட்டர். அதில் இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது என்பதால், ஓவர்ஹாலுக்குப் பிறகு ஒரு பழைய டேக்கோமீட்டரை வாங்கி ஒரு பட்டறையில் பொருத்தினோம். வரம்பு 4,500 என்று முடிவு செய்து, அந்தச் சுற்றில் மின்பொறியைத் துண்டிக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்றையும் மாட்டினோம். ஒரு திருமணத்துக்காகப் புதுக்கோட்டை போகும் வழியில், மூன்றாவது கியரில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தபோது வேகமானி 85 காட்டியது; டேக்கோமீட்டர் முள்ளோ 3,400-இல் அமைதியாக நின்றது. திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அடியிலிருந்து உலக்கை குத்துவதுபோல் ஓசை எழுந்தது. கனெக்டிங் ராடு கிராங்கைப் பற்றும் இடத்திலுள்ள பிக் எண்டு பேரிங் போய்விட்டது. மாலைகள் சுற்றிய வண்டியை இழுவை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

பிரித்துப் பார்த்தபோது காரணம் டேக்கோமீட்டரின் முதுகில் இருந்தது. நான்கு, ஆறு, எட்டு சிலிண்டர் என்று தேர்ந்தெடுக்கும் சிறிய திருகு ஆறில் நின்றிருந்தது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறிகள், ஆறு சிலிண்டரில் மூன்று. எனவே அந்த மீட்டர் உண்மையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டியது. 3,400 என்று நாங்கள் பார்த்தது 5,100. அதே பட்டறையில் மாட்டிய பெட்டியும் ஆறிலேயே வைக்கப்பட்டிருந்தது. 4,500-க்கு வைத்த அந்தப் பெட்டி 6,750-ஐ எட்டிய பிறகே பொறியைத் துண்டித்திருக்கும். பட்டறையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது கியரில் 85 போகும் பத்மினியில் முள் 3,400-இல் நிற்காது என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை இப்போது போட்டுவைத்திருக்கிறோம். அதற்கு மீட்டரே தேவையில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, போனட்டைத் திறந்துவைத்து, பின் டயரிலும் கிராங்கின் முனையில் அதனோடு சுழலும் புல்லியிலும் சாக்பீஸால் ஒரு கோடு இட்டு, வண்டியை நான்காவது கியரில் போட்டு வீட்டின் பக்கத்துத் தெருவில் இருவர் மெல்லத் தள்ளினார்கள். டிரைவர் கூடவே குனிந்து நடந்தபடி புல்லியை எண்ண, நான் டயரை எண்ணினேன். டயர் பத்துச் சுற்று சுற்றியபோது வண்டி 18.6 மீட்டர் நகர்ந்திருந்தது. புல்லி 43 முறை சுற்றியிருந்தது. மூன்றாவது கியரில் அதே பத்துச் சுற்றுக்கு அறுபத்தேழரை, இரண்டாவதில் 102. இவற்றைக் கொண்டு பார்த்தால், 4,500 சுற்று என்பது எங்கள் வண்டியில் நான்காவது கியரில் மணிக்கு ஏறத்தாழ 117 கிலோமீட்டர், மூன்றாவதில் 74, இரண்டாவதில் 49. அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றின் வேகமானியில் கியர்வாரியான உச்ச வேகத்தைச் சிறு கோடுகளாகக் குறித்திருப்பார்கள். நாங்களும் 49-க்கும் 74-க்கும் நேரே கண்ணாடியில் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டோம். வேகமானி சரியாகக் காட்டுகிறதா என்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வரம்புப் பெட்டியை மீண்டும் பொருத்தியிருக்கிறோம். இம்முறை நான்கு சிலிண்டருக்கு. ஓட்டுபவரின் வரம்பு 4,500, பெட்டியின் வரம்பு 4,800. இந்த இடைவெளி வேண்டுமென்றே விட்டது, ஏனெனில் பெட்டி அடிக்கடி வேலை செய்யக் கூடாது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் பொறியைத் துண்டித்தாலும் பெட்ரோல் வருவது நிற்காது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே வெடிக்கும். பிரிட்டனின் லோட்டஸ் எலான் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் இதே வேலையை, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் சுழலும் பாகமான ரோட்டாரிலேயே ஒரு ஸ்பிரிங்கை வைத்து 6,500 சுற்றில் செய்தார்கள். அது பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்த இன்ஜின். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கல்யாண வண்டிக்கு 6,000 என்பது பொருந்தாது.

பெட்டியால் தடுக்கவே முடியாத ஆபத்து ஒன்று உண்டு. கியர் லீவர் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் பத்மினியில் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குத் தள்ளப் போய் லீவர் இரண்டாவதில் விழுந்தால், இன்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். 70 கிலோமீட்டரில் அப்படி நடந்து கிளட்சையும் விட்டுவிட்டால் இன்ஜின் 6,400 சுற்றுக்குப் போய்விடும். ராடு போல்ட்டின் சுமை 4,500-இல் இருப்பதைப் போல் இரு மடங்கு. வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து தட்டவும் கூடும். லீவரின் இணைப்புகளில் உள்ள புஷ்கள் (சிறு வளையங்கள்) தேய்ந்திருந்தால் அவற்றை முதலில் மாற்றுவதே நல்லது. வரம்புப் பெட்டியைவிட அவற்றின் விலையும் குறைவு.

நம் பகுதியின் வண்டிகள் பெரும்பாலும் ஆண்டில் சில நாட்களே வெளியே வருகின்றன. மாதக்கணக்கில் நின்ற இன்ஜினில் பேரிங்குகளிலிருந்து ஆயில் வடிந்திருக்கும்; வால்வுகள் பிசினேறி ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் முதல் பத்து நிமிடங்களுக்கு 2,500-ஐத் தாண்டாமல் ஓட்டுவதும், ஓவர்ஹாலுக்குப் பின் முதல் 1,000 கிலோமீட்டருக்கு 3,000-க்குள் வைத்திருப்பதும் எங்கள் வீட்டு வழக்கம்.

தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் கொட்டகைக் கதவுகள் திறக்கும். தங்கள் கட்டுரையை நம்பி எவரேனும் முள்ளை 6,000-க்கு ஏற்றுவதற்கு முன், அந்த எண்ணை மட்டுமாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அத்துடன், பழைய டேக்கோமீட்டர் வாங்குவோர் அதன் பின்புறத் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.