பிறர் பண்பாடும் திரைக் காதலும்

ஆசிரியருக்கு,

கறுப்பினப் படைப்பாளர்கள் பிற சமூகத்தாரின் காதலைச் சித்தரிக்கும் விதம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கக் கறுப்பினத் தயாரிப்பாளர் ஷோண்டா ரைம்ஸின் நிறுவனம் தயாரித்த ‘பிரிட்ஜர்டன்’ என்ற ஆங்கிலக் காதல் தொடரின் இரண்டாம் பருவம் (2022), தமிழ் வம்சாவளியினரான நடிகை சிமோன் ஆஷ்லியைத் தோழி வேடத்தில் ஒதுக்காமல் காதல் நாயகியாகவே நிறுத்தியது பாராட்டத்தக்கது. நாயகியான அக்கா தன் தங்கையின் தலையில் எண்ணெய் தேய்த்துவிடும் காட்சியை, ஆங்கிலத் தொடர் என்றாலே எழுந்து போய்விடும் என் தாயாரும் உட்கார்ந்து பார்த்தார்.

ஆனால், பம்பாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அந்நாயகியின் குடும்பத்தின் உறவுமுறை விளிப்புகள் வங்காளத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் எடுத்து ஒட்டப்பட்டிருப்பதால், காதலில் தெரியும் நுணுக்கம் குடும்பத்தில் தெரியவில்லை. ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே நாடுபோலக் காட்டும் திரைமரபால் புண்பட்ட கறுப்பினப் படைப்பாளர்களிடம் கூடுதல் கவனத்தை எதிர்பார்ப்பது மிகையன்று. இத்தகைய குடும்பங்களின் ஊரையும் தாய்மொழியையும் முதல் வரைவிலேயே முடிவுசெய்துகொண்டு உரையாடல் எழுதத் தொடங்கலாம்.