ஒரு கிலோமீட்டர் கம்பில எத்தன மீட்டர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு வாசகர், வெளிநாட்டுல இருக்கற பொண்ணு வீட்டு கரண்ட் பில்லையும் போன் பில்லையும் பாத்துட்டு "அங்க நடக்கறது பகல் கொள்ளை"ன்னு எழுதிருந்தார். மின்வாரியத்துல 31 வருஷம் லைன் வேலை பாத்தவன், சும்மா இருக்க முடியல, அதான் எழுதறேன்.

நானும் மகனைப் பாக்க ஆஸ்திரேலியா போயிருந்தேன். குயின்ஸ்லாந்து மாநிலத்துல லாங்ரீச்னு ஒரு ஊரு, மாநிலத் தலைநகர் பிரிஸ்பேன்லேந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல. அங்க பில்லுல, ஒரு யூனிட் கூட ஓட்டலன்னாலும் ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கு மேல வந்துடுது, வீட்டு வரைக்கும் கம்பி வந்து நிக்குதுல்ல அதுக்காக. 100 யூனிட் ஃப்ரீயா வாங்கிப் பழகின எனக்கும் எரிச்சலாத்தான் இருந்துது.

அப்புறம் ஒருநாள் ஊருக்கு வெளியில கார்ல போறப்ப லைனைப் பாத்தேன். மூணு கம்பியைத் தேடறேன், ஒரே ஒரு கம்பிதான் போகுது! திரும்பி வர கம்பியே கிடையாது, பூமி வழியாவே கரண்ட் திரும்பிடுது. 1925 வாக்குல நியூசிலாந்துல மாண்டெனோன்னு ஒரு இன்ஜினியர் கண்டுபிடிச்ச முறையாம். நம்ம ஊர்ல வீடுகளுக்கு வர எல்டி (தாழ்வழுத்த) லைன்னா 50, 60 மீட்டருக்கு ஒரு போஸ்ட், அங்க ஒரு போஸ்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு தெருவே கட்டிடலாம். இவ்ளோ சிக்கனமா கம்பி இழுத்தும், அந்த லைன் கடைசியில இருக்கறது ஒரே ஒரு ஸ்டேஷன், ரயில்வே ஸ்டேஷன் இல்ல, மாட்டுப்பண்ணைய அங்க அப்படித்தான் சொல்றாங்க. ஒரு குடும்பம், ஒரு மீட்டர். பியூஸ் போச்சுன்னா லைன்மேன் போய் சேரவே பாதி நாள்.

அந்தப் பக்கம் சப்ளை பண்ற எர்கான் கம்பெனிக்கு மொத்தம் 1.5 லட்சம் கிலோமீட்டருக்கு மேல லைன் இருக்கு, கனெக்‌ஷனோ ஏழு லட்சத்து சொச்சம். கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு கிலோமீட்டர் கம்பிக்கு அஞ்சு கரண்ட் மீட்டர் தேறினா அதிகம். நம்ம தஞ்சாவூர்ல ஒரு சந்துக்குள்ளயே அதவிட நாலு மடங்கு மீட்டர் தொங்கும். கம்பி, போஸ்ட், டிரான்ஸ்ஃபார்மர், ஆள் சம்பளம் எல்லாத்தையும் நாம நூறு பேரு பங்கு போட்டுக்கறோம், அவங்க அஞ்சு பேரு. இதுல மகன் கட்டறதே முழு விலை இல்லயாம், பிரிஸ்பேன் ரேட்டுதான் லாங்ரீச்சுக்கும்னு சொல்லி மிச்சத்த மாநில அரசாங்கம் குடுக்குது.

போன் டவரும் இதே கதைதான். ஒரு டவர் போடற செலவு ஆயிரம் பேர் பேசினாலும் இருபது பேர் பேசினாலும் பெருசா மாறாது. ஆஸ்திரேலியாவுல ஜனங்க இருக்கற இடத்துல அனேகமா பூரா சிக்னல் இருக்கு, ஆனா நிலப்பரப்புல பாதிக்கு மேல ஒரு கோடு கூட வராது.

அதுக்காக கம்பெனிக்காரன் சொல்றத அப்படியே நம்பணும்னு நான் சொல்ல வரல. பின்லாந்துலயும் ஜனம் கம்மிதான், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 18 பேர் போல, தமிழ்நாட்டுல 2011 கணக்குப்படியே 555. ஆனா அங்க அளவில்லாத டேட்டா சல்லிசா கிடைக்குது. கனடாவுல போன் பில் ஏன் இவ்ளோன்னு கேட்டா "நாடு பெருசு சார்"ம்பாங்க, ஆனா ஜனத்துல முக்காவாசி அமெரிக்கா பார்டர ஒட்டித்தான் குடியிருக்கு, வடக்க இருக்கற பனிக்காட்டுக்கெல்லாம் யாரும் டவர் வரிசையா நடல. 2020ல அந்த நாட்டு அரசாங்கம் ரோஜர்ஸ், பெல், டெலஸ்னு மூணு பெரிய போன் கம்பெனியையும் நடுத்தர பிளான் விலைய ரெண்டு வருஷத்துல 25 சதவீதம் குறைக்கச் சொல்லுச்சு, குறைஞ்சுது. நாட்டோட நீளம் அகலம் அதே அளவுதான் இருந்துது.

அந்த வாசகர் பொண்ணு எந்த நாட்டுல இருக்குன்னு போடல. கனடாவா இருந்தா போன் பில் விஷயத்துல நானும் அவர் கட்சி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
தஞ்சாவூர்.